வந்தவாசிக் களத்தை மேசைமேல் எழுப்புதல்: மினியேச்சர் போர் விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு

மேசைமேல் சிறு படைகளை நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பொம்மை வீரர்களைத்தான் முதலில் வாங்குகிறார்கள். நாலைந்து வீரர்களுக்கு வண்ணம் பூசிப் பார்த்து, முகம் சரியாக வரவில்லை என்று மனம் தளர்ந்து, மீதியைப் பெட்டியிலேயே விட்டுவிடுவதும் உண்டு. அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. முதலில் நிலத்தைச் செய்யுங்கள். ஓர் ஏரிக்கரையின் சரிவில் வண்ணம் சற்றுப் பிசகினால் அதுவும் மண்ணின் இயல்பாகவே தெரியும். நான்கு மில்லிமீட்டர் அகல முகத்தில் அதே பிசகைத் திருத்துவது கடினம். அடிப்பூச்சு, வாஷ் (நீர்த்த வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிடுவது), டிரை பிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை வருடுவது) ஆகிய மூன்று உத்திகளும் நிலத்துக்கும் வீரனுக்கும் பொது என்பதால், கரையில் பழகிய கை சில வாரங்களில் முகத்துக்குத் தானாகத் தயாராகிவிடும்.

எதைச் செய்வது என்ற கேள்விக்கு, நமக்குத் தெரிந்த நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் நடந்த போர், தொடக்கக்காரருக்கு மிகவும் பொருத்தமான களம். 1759 நவம்பர் இறுதியில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தது. அதை மீட்கப் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டார். முற்றுகையை உடைக்க கூட் திரும்பி வந்தபோது இரு படைகளும் கோட்டைக்கு வெளியே வெட்டவெளியில் மோதின. பிரெஞ்சுப் படையின் இடது முனை ஒரு குளக்கரையை ஒட்டி நின்றது. அந்தக் கரையை அரணாக்கிப் பீரங்கிகளை ஏற்றி, கப்பற்படையிலிருந்து வந்த வீரர்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள். பிரெஞ்சாரின் லொரேன் படைப்பிரிவு நெடுவரிசையாகப் பாய்ந்து சிதறிய பிறகு, கரையிலிருந்த வெடிமருந்து வண்டி ஒன்று குண்டுபட்டு வெடித்தது. அங்கே எழுந்த குழப்பத்தில் ஆங்கிலேயரின் டிரேப்பர் படைப்பிரிவு கரையைக் கைப்பற்றியது. அதை மீட்க முன்னேறிய பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். ஓராண்டு கழித்து, 1761 ஜனவரியில், புதுச்சேரியும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது.

ஆக, ஒரு குளக்கரைதான் அந்த நாளின் திருப்புமுனை. முழுக் களத்தையும் செய்யத் தேவையில்லை. கரையும் அதன் முன்னுள்ள வயலும் அடங்கிய, 60 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்று முதல் முயற்சிக்குப் போதும்.

அளவும் பொருள்களும்

பொம்மைகள் பல அளவுகளில் கிடைக்கின்றன. பெரும் போர்களை ஆட 15 மி.மீ. பொம்மைகளை விரும்புவோர் அதிகம் என்றாலும், புதியவர்களுக்கு நான் 28 மி.மீ. அளவையே பரிந்துரைப்பேன்; பொத்தானும் பட்டையும் தூரிகைக்கு எட்டும் அளவில் இருக்கும். இந்த அளவை ஏறத்தாழ 1:56 என்று கொள்ளலாம். அதாவது நிஜத்தில் ஒரு மீட்டர் என்பது மேசையில் சுமார் 18 மி.மீ. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் வரப்பு, கரை, நெற்பயிர் எல்லாவற்றின் உயரத்தையும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பலகைக்கு எக்ஸ்.பி.எஸ். ஃபோம் சிறந்தது. மொட்டைமாடி வெப்பத்தைத் தடுக்கவும் குளிர்பதன அறைகளுக்கும் பயன்படும் அடர்த்தியான, நிறமேற்றிய தகடு அது. தெர்மாகோல் மலிவானதுதான், ஆனால் வெட்டும்போது மணிமணியாக உதிரும். ஓரங்கள் கூர்மையாக நிற்காது. அது மட்டுமே கிடைத்தால் கவலை வேண்டாம், மேற்பூச்சைச் சற்றுத் தடிமனாகப் போடுங்கள். இவற்றுடன் ஃபெவிகால், சலித்துக் காயவைத்த மணல், எம்-சீல் (பிசைந்து உருட்டினால் இறுகும் பசைமாவு), தேங்காய் நார் மிதியடி ஒன்று, அக்ரிலிக் வண்ணங்கள், மாற்று அலகுகளுடன் ஒரு கட்டர் கத்தி ஆகியவை போதும். கடற்கரை மணலை எடுக்காதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து, நாள் செல்லச் செல்ல வண்ணத்தைப் பெயர்த்துவிடும்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்ப்ரே டப்பாவிலுள்ள கரைப்பான் தெர்மாகோலையும் எக்ஸ்.பி.எஸ். தகட்டையும் அரித்துவிடும். என் முதல் பலகையின் மேல் நேரடியாகக் கறுப்பு ஸ்ப்ரே அடித்து, இரண்டு வார உழைப்பு சில நிமிடங்களில் குழிகுழியாக உருகியதைப் பார்த்தேன். ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசைகளும் ஃபோமை அரிக்கும். ஆகவே ஃபோமுக்கு ஃபெவிகால் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான கம்பியால் ஃபோமை வெட்டுகிறவர்கள் சன்னல்களைத் திறந்துவைத்து, மின்விசிறி புகையை வெளியே தள்ளும்படி உட்காருவது அவசியம்.

கரை எழுப்புதல்

தொடக்கக்காரர்கள் அதிகம் தவறுவது கரையின் குறுக்குவெட்டில்தான். அழகுக்காகச் செங்குத்தாகவும் கூர்மையாகவும் செய்துவிட்டால் வீரர்கள் அதன்மேல் நிற்கமாட்டார்கள், ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுவார்கள். எனவே முதலில் பொம்மைகளின் அடித்தட்டு அளவை முடிவு செய்யுங்கள். நான்கு வீரர்களை இரண்டிரண்டாக நிறுத்த 40 மி.மீ. சதுரத் தட்டு வசதியானது. அப்படியானால் கரையின் உச்சி 50 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். பீரங்கி நிற்கும் இடங்களில் அதை 80 மி.மீ. ஆக்குங்கள். மூன்று மீட்டர் உயரக் கரை கணக்குப்படி 54 மி.மீ. வரும். ஆனால் மேசையில் 40 மி.மீ. போதும், அதற்கு மேல் போனால் சரிவுக்கே பலகை முழுவதும் செலவாகிவிடும். வெளிச்சரிவை, உயரத்தைப்போல் இரு மடங்கு அகலமாக, அதாவது 80 மி.மீ. இழுத்துவிடுங்கள். குளத்தின் உட்பக்கச் சரிவு 40 மி.மீ. இருக்கலாம். கரையின் மொத்த அடி அகலம் 170 மி.மீ. ஆகிறது.

20 மி.மீ. தடிமனுள்ள இரண்டு அடுக்குகளை இந்த அளவில் வெட்டி, ஃபெவிகால் தடவி, மேலே கனமான புத்தகங்களை வைத்து ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். இரண்டு ஃபோம் பரப்புகளுக்கு நடுவே பசைக்குக் காற்று எட்டாது என்பதால் நடுப்பகுதி காயத் தாமதமாகும். அவசரப்பட்டு வெட்டினால் அடுக்குகள் நழுவும். மறுநாள் கத்தியை நீளமாக வெளியே தள்ளி, படுக்கை வாட்டில் பிடித்து, சிறு சிறு சீவல்களாகச் சரிவை எடுங்கள். உங்கள் விரல்கள் கத்தி போகும் திசையில் ஒருபோதும் இருக்கக் கூடாது. மழுங்கிய அலகு ஃபோமைக் கிழிக்கும், கையிலிருந்தும் வழுக்கும். ஆகவே அலகை அடிக்கடி உடைத்துப் புதிதாக்கிக்கொள்ளுங்கள்.

மனிதர் நடந்து நடந்து தேய்ந்த கரை ஒரே சீராக இராது. மாடு ஏறி இறங்கும் தடம் ஒன்று, மழைநீர் அறுத்த ஓடைகள் இரண்டு, இடிந்து சரிந்த மூலை ஒன்று என்று கத்திமுனையாலும் விரலாலும் அழுத்திக் காட்டுங்கள். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி ஃபோமின்மேல் உருட்டினால் கல் மண்ணின் சொரசொரப்பு வந்துவிடும். பீரங்கி வாய்களுக்கு உச்சியில் 25 மி.மீ. அகல வெட்டுகள் இரண்டு போதும். அரணுக்கான மண்மூட்டைகளை எம்-சீலை உருட்டிச் செய்துகொள்ளலாம்.

இப்போது பாதுகாப்புப் பூச்சு. ஃபெவிகாலையும் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தையும் சம அளவில் கலந்து, சிறிது தண்ணீர் விட்டு, பலகை முழுவதும் பூசுங்கள். அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். மேற்புறம் மட்டும் ஈரமானால், காயும்போது பூச்சு சுருங்கிப் பலகையை வளைத்துவிடும். அது காய்ந்ததும், நீர்த்த ஃபெவிகாலைத் தடவி மணலைத் தூவுங்கள். சரிவின் அடியில் பருமணல், உச்சியில் நுண்மணல் என்று பிரித்துத் தூவினால், மழை கழுவிக் கொண்டுவந்த மண் கீழே சேர்ந்ததுபோல் இயல்பாக இருக்கும்.

மண்ணின் நிறத்தில்தான் இந்தக் களம் ஐரோப்பிய மேசைகளிலிருந்து விலகி நிற்கிறது. கடைகளில் கிடைக்கும் ஆயத்தப் பொருள்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் புல்வெளியின் பச்சைக்கு ஏற்றவை. நீங்கள் செம்மண் கலந்த பழுப்பை அடிநிறமாகப் பூசுங்கள். அது காய்ந்ததும், கரும்பழுப்பு வண்ணத்தை நீர்க்கக் கரைத்து ஓடவிட்டால் பள்ளங்களில் தங்கி நிழலாகும்; இதுவே வாஷ். அதுவும் நன்றாகக் காய்ந்த பின், பழைய அகலத் தூரிகையில் வெளிர்ப் பழுப்பைத் தொட்டு, ஒரு துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகளின்மேல் லேசாக வருடுங்கள். இது டிரை பிரஷ். கடைசி வருடலுக்கு வெள்ளையைக் கலக்காமல் மஞ்சள் காவியைக் கலந்தால், வெயில் காய்ந்த மண்ணின் நிறம் கிடைக்கும்.

வயல், பனை, தண்ணீர்

போர் நடந்தது தை மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சம்பா அறுவடை நடக்கும் காலம். எனவே பாதி வயல் தாளடியாகவும் பாதி வயல் முற்றிய கதிராகவும் இருப்பதாகக் கொள்வது பொருத்தம். இதற்குத் தேங்காய் நார் மிதியடியைவிட நல்ல பொருள் இல்லை. ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வளரும் சம்பாப் பயிர் 20 மி.மீ. ஆகும், மிதியடி நாரின் உயரமும் பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும். அதைத் துண்டுகளாக வெட்டி, நுனியில் மட்டும் வைக்கோல் மஞ்சளை டிரை பிரஷ் செய்யுங்கள். பலகையில் ஒட்டாமல் தனித்தனித் துண்டுகளாக வைத்திருந்தால், படை உள்ளே நுழையும்போது ஒரு துண்டை எடுத்துவிட்டு வீரர்களை நிறுத்தலாம். அறுத்த வயலுக்கு நாரை 4 மி.மீ. அளவுக்குக் கத்தரித்துவிட்டால் தாள்கட்டை தயார். வரப்புகளை எம்-சீலை நூலாக உருட்டி, 5 மி.மீ. உயரத்தில், கோணலும் மாணலுமாகப் போடுங்கள். அளவுகோல் வைத்துப் போட்ட வரப்பு, வரப்பாகவே தெரியாது.

பனைமரம் செய்வதில் நான் அதிக நேரம் செலவிடுவேன், நீங்களும் செலவிடலாம். பிற நாட்டு மேசைகளுக்கென விற்கும் பிளாஸ்டிக் தென்னை வகைகள் இங்கே பொருந்தா. 8 முதல் 10 மி.மீ. பருமனுள்ள மரக்குச்சியை 18 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். நிஜப் பனை இதைவிட உயரம்தான், ஆனால் அளவுப்படி செய்தால் கை பட்டு விழுந்துகொண்டே இருக்கும். குச்சியைச் சுற்றிலும் இரண்டிரண்டு மி.மீ. இடைவெளியில் இரம்பத்தால் மெல்லிய வளையக் கோடுகள் கீறுங்கள். ஓலைக்கு, தாளில் 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டங்கள் வெட்டி, விசிறிபோல் மடித்துப் பிரித்து, ஓரத்தைக் கூர்நுனிகளாகக் கத்தரித்து, மெல்லிய கம்பியைக் காம்பாக ஒட்டுங்கள். ஒரு மரத்துக்கு 20 ஓலைகளாவது வேண்டும். நடுவில் நிமிர்ந்த குருத்தோலை வெளிர் மஞ்சளாகவும், சுற்றிலும் சாம்பல் கலந்த பச்சையாகவும், அடியில் தொங்கும் காவோலைகள் பழுப்பாகவும் இருந்தால், பார்த்தவுடன் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அடியில் ஒரு கனமான இரும்பு வாஷரை ஒட்டினால் மரம் சாயாது.

குளத்துக்கு, ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் விலையுயர்ந்த ரெசின் வேண்டியதில்லை. குழியின் நடுவைக் கரும்பச்சை கலந்த பழுப்பாகவும், ஓரத்தைச் சேற்று நிறமாகவும், இரண்டும் ஒன்றோடொன்று கரையும்படியும் பூசுங்கள். நீலம் வேண்டாம், மழை முடிந்த குளத்தின் நீர் கலங்கலாகத்தான் இருக்கும். அதன்மேல் நீரில் கரையும் பளபளப்பு வார்னிஷை நான்கைந்து மெல்லிய பூச்சுகளாக, ஒன்று முழுவதும் காய்ந்த பிறகு அடுத்ததாகப் போடுங்கள். கடைசிப் பூச்சைத் தூரிகை நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தால் சிற்றலை எழும்.

வெடிமருந்து வண்டியைப் பலகையோடு ஒட்டிவிடாமல் தனியாகச் செய்யுங்கள். அது வெடித்ததும் எடுத்துவிட்டு, கரிந்த சக்கரமும் கறுப்பேற்றிய பஞ்சுப் புகையும் கொண்ட மாற்றுத் துண்டை அங்கே வைக்கலாம்.

வீரர்களுக்கு வருவோம்

உலோகப் பொம்மைகளில் வார்ப்பின் இணைப்புக் கோடுகள் இருக்கும். அவற்றை நுண் அரத்தால் தேய்த்து, சோப்பு நீரில் பழைய பல் தூரிகையால் கழுவிக் காயவையுங்கள். பழைய வார்ப்புகளில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்; வேலை மேசையில் உணவு வைக்காதீர்கள். ரெசின் பொம்மையைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். உலோகத்தையும் ரெசினையும் உடனடிப் பசையால் ஒட்டலாம். பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கை உருக்கி இணைப்பது, மற்றவற்றில் பிடிக்காது. ஒவ்வொரு வீரனையும் ஒரு பாட்டில் மூடியில் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டால், வண்ணத்தில் விரல் படாமல் பிடித்துக்கொள்ளலாம்.

வண்ணம் பிடிப்பதற்காக முதலில் இடும் பிரைமர் பூச்சில் நம் தட்பவெப்பம் தடையாக இருக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே செய்தால் பூச்சு சரியாகப் பிடிக்காது. உச்சி வெயிலில் செய்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து தூளாகப் படியும். மழையில்லாத நாளின் காலை பத்து மணி அளவில், நிழலில், 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, விட்டுவிட்டு வீசுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தூரிகையால் பூசும் பிரைமரே நம்பகமானது.

அக்ரிலிக் வண்ணத்தைக் குப்பியிலிருந்து நேரே பூசக் கூடாது. பால் பதத்துக்கு நீர்க்கவைத்து, இரண்டு மெல்லிய பூச்சுகளாகப் போட வேண்டும். நம் வெயிலில் தட்டில் விட்ட வண்ணம் சில நிமிடங்களில் தோல் கட்டிவிடும் என்பதால் ஈரத்தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள்: மூடியுள்ள தட்டையான டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சைப் பரப்பி, அதன்மேல் பேக்கிங் தாளை விரித்து, வண்ணத்தை அதில் எடுத்து வையுங்கள். முனை கூர்மையான 1-ஆம் எண் வட்டத் தூரிகை ஒன்று வீரனின் பெரும்பகுதிக்கும் போதும். முனை நன்றாக இருந்தால் அதைவிட மெல்லிய தூரிகையைத் தேட வேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் ஆறு வீரர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறத்தையும் ஆறு பேருக்கும் பூசிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். உள்ளிருந்து வெளியே என்பது பொது விதி. தோல், சட்டை, கோட்டு, குறுக்குப்பட்டை, துப்பாக்கி, தொப்பி என்ற வரிசையில் போனால், முடித்த இடத்தில் தூரிகை இடறாது.

ஆங்கிலேயரின் சிவப்புக் கோட்டுக்குக் கறுப்புப் பிரைமர் உதவாது. சிவப்பு வண்ணத்துக்கு மறைக்கும் ஆற்றல் குறைவு. செம்பழுப்பை அடியாக இட்டு, மேலே சிவப்பும், மடிப்பு விளிம்புகளில் ஆரஞ்சு கலந்த சிவப்பும் வையுங்கள். வெள்ளையைக் கலந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். பிரெஞ்சு வீரரின் வெண்ணிறக் கோட்டுக்கு வெளிர்ச் சாம்பலில் தொடங்கி, மேடுகளில் மட்டும் தூய வெள்ளைக்கு வாருங்கள். வாஷைக் கோட்டு முழுவதும் ஓடவிட்டால் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும், மடிப்புகளுக்குள் மட்டும் கோடாக வையுங்கள். லாலியின் ஐரிஷ் படைப்பிரிவு பிரெஞ்சுப் பக்கம் நின்றாலும் சிவப்புக் கோட்டே அணிந்தது. மேசையில் பக்கம் குழம்பாமலிருக்க அவர்களுக்குக் கொடியைத் தெளிவாகக் காட்டுங்கள்.

சிப்பாய்களின் முகம் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். அயர் கூட்டின் படையில் ஐரோப்பியரைவிட இந்தியரே அதிகம். ஆனாலும் பல வண்ண வழிகாட்டிகள், இருபது சிப்பாய்களுக்கும் ஒரே குப்பியின் ஒரே பழுப்பைப் பூசச் சொல்லி முடித்துவிடுகின்றன. நம் தெருவில் நிற்கும் இருபது பேரைப் பாருங்கள், இருபது நிறம் இருக்கும். கரும்பழுப்பில் சிறிது சிவப்பைச் சேர்த்து ஒரு கலவையும், மஞ்சள் காவியைச் சேர்த்து ஒரு கலவையும், இரண்டுக்கும் நடுவே ஒன்றுமாக மூன்று அடிநிறங்கள் செய்துகொண்டு, வீரர்களிடையே கலைத்துப் பூசுங்கள். மூக்குநுனி, கன்னமேடு, விரல்முட்டி ஆகியவற்றை எடுத்துக்காட்ட வெள்ளை வேண்டாம், தோல் சாம்பல் பூத்துவிடும். அடிநிறத்தில் காவியும் துளி ஆரஞ்சும் கலந்தால் உயிரோட்டம் வரும். கம்பெனிச் சிவப்புச் சட்டைக்குக் கீழே அரைக்கால் உடையும் வெறுங்காலும் இருக்கும் என்பதால் தோல் பரப்பு அதிகம். பாதத்துக்குச் செம்மண் நிறத்தை லேசாக டிரை பிரஷ் செய்யுங்கள்.

கண்ணின் கருமணியை வரைய முயல வேண்டாம். விளையாடும்போது வீரன் நம் கண்ணிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளித்தான் நிற்பான். அங்கிருந்து தெரிவது புருவத்தின் நிழலும் மூக்கின் ஒளியும்தான். அந்த நேரத்தைக் குறுக்குப்பட்டையின் இருபுறமும் மெல்லிய கரும்பழுப்புக் கோடு வரைவதில் செலவிட்டால், முழு வரிசையும் தூரத்திலிருந்தே பளிச்சென்று பிரிந்து தெரியும்.

உலோகப் பொம்மைகள் கைபட்டுத் தேயும் என்பதால், நன்கு காய்ந்த பிறகு முதலில் பளபளப்பு வார்னிஷும் அதன்மேல் பளபளப்பில்லாத மேட் வார்னிஷும் பூசுங்கள். ஈரமான நாளில் மேட் ஸ்ப்ரே வெண்பனிபோல் பூத்துவிடும். இதற்கும் தூரிகைப் பூச்சே பாதுகாப்பு. பிறகு நான்கு நான்கு பேராகத் தட்டில் ஒட்டி, பலகைக்குப் பயன்படுத்திய அதே மணல், அதே மூன்று நிறங்களைத் தட்டுக்கும் கொடுங்கள். இதற்காகவே நிலத்துக்குக் கலந்த வண்ணத்தில் ஒரு சிறு குப்பி மீதம் வைத்திருக்க வேண்டும். ஆறு தட்டுகளில் 24 வீரர்கள் ஒரு பட்டாளமாகிவிடுவார்கள். ஒரு பொம்மை 30 வீரர்களைக் குறிக்கிறது என்று கொண்டால் அது 720 பேர். தட்டுகளை ஒரே வரிசையில் வைத்தால் 24 சென்டிமீட்டர் வரும், கரையின்மேல் இடம் மிச்சமிருக்கும்.

பலகைகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், பனையும் பயிரும் நசுங்கும். கோடையில் காருக்குள் விட்டுச் செல்லவும் வேண்டாம், வெப்பத்தில் ஃபோம் உப்பி வளையும். அடுத்த பலகையைத் தொடங்கும்போது முதல் பலகையின் விளிம்பைத் தாளில் வரைந்துகொண்டு, வரப்பும் வண்டித்தடமும் எந்த இடத்தில் விளிம்பைத் தொடுகின்றன என்று குறித்துவையுங்கள். அந்தக் குறிகளிலிருந்து இரண்டாம் பலகையின் வரப்பைத் தொடங்கினால், நான்காவது பலகை முடியும்போது 120 சென்டிமீட்டர் சதுரத்தில் லொரேன் படைப்பிரிவு பாய்ந்து வரப் போதுமான வெட்டவெளி கிடைத்துவிடும்.